ஷட்டரின் மேலுள்ள எண்ணும் பலகையில் போடும் துளையும்: பழைய லார்ஜ் ஃபார்மட் லென்ஸ்களின் ஷட்டர் அளவை அறிய ஒரு வழிகாட்டி

பெரிய ஃபிலிம் தகடுகளில் படமெடுக்கும் லார்ஜ் ஃபார்மட் கேமராவுக்கு முதன்முதலாகப் பழைய லென்ஸ் வாங்குகிறவர்களில் பலர், லென்ஸைக் கேமராவின் முன்புறத்தில் தாங்கும் பலகையை லேத் பட்டறையில் துளைத்து முடித்த பிறகுதான் ஷட்டரின் அளவைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பெரியமேட்டில் பழைய சாமான் கடை ஒன்றில் வாங்கிய லென்ஸின் ஷட்டர் முகத்தில் 3 என்ற எண் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருந்தது. மூன்றாம் எண் ஷட்டருக்கு 65 மி.மீ. துளை வேண்டும் என்று எங்கோ படித்தது நினைவில் இருந்ததால், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகத் தண்டையார்பேட்டையில் உள்ள ஒரு பட்டறைக்குப் போய், அலுமினியப் பலகையில் 65 மி.மீ. துளை போட்டுக்கொண்டு ராயபுரம் திரும்பினேன். மேசை விளக்கின் கீழே ஷட்டரைத் துளையில் வைத்தபோது அதன் பின்மரை எங்கும் முட்டாமல் துளைக்குள் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. மறுநாள் பட்டறைக்காரர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓட்டையப் பெருசு பண்ணணும்னா பண்ணித் தரலாம் சார், சின்னது பண்ணணும்னா வேற தகடுதான் எடுத்தாரணும்" என்றார்.

என் கையில் இருந்தது அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்து ஐலெக்ஸ் நிறுவனத்தின் மூன்றாம் எண் ஷட்டர். நான் மனத்தில் வைத்திருந்த 65 மி.மீ. என்பது ஜப்பானியக் கோபல் ஷட்டரின் மூன்றாம் எண்ணுக்கு உரியது. இரண்டிலும் 3 என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்த வரிசைப்படிதான் எண்ணிட்டது. எனவே ஷட்டரின் மேலுள்ள எண்ணை அளவு என்று எடுத்துக்கொள்ளாமல், பெயரோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அளவைச் சொல்ல வேண்டியது, விட்டத்தைத் துல்லியமாக அளக்கும் கருவியான காலிப்பர்.

முதலில் ஷட்டர் இருக்கிறதா என்று பாருங்கள்

பழைய லென்ஸ்கள் எல்லாவற்றிலும் ஷட்டர் இருக்காது. வெறும் பித்தளைக் குழாயில் கண்ணாடிகள் மட்டும் பொருத்தப்பட்ட லென்ஸ்கள் ஏராளம். நம் ஊர் ஸ்டுடியோக்களில் ஸ்டாண்ட் கேமராவின் முன் நின்று, மூடியைக் கையால் கழற்றி, மனத்துக்குள் எண்ணி, மீண்டும் மூடிய பெரியவர்கள் இவற்றைத்தான் பயன்படுத்தினார்கள். ஆலப்புழையில் 1940-களில் உருவாகத் தொடங்கிய வாகீஸ்வரி கேமராக்களிலும் இத்தகைய லென்ஸ்களை இன்றும் காணலாம். குழாயின் பக்கத்தில் ஒரு நீண்ட பிளவு இருந்தால், துளையிட்ட உலோகத் தகடுகளைச் செருகி ஒளியைக் கட்டுப்படுத்தும் வாட்டர்ஹவுஸ் முறை லென்ஸ் அது. இவற்றுக்கு ஷட்டர் அளவு என்ற கேள்வியே எழாது. குழாயின் பின்புற மரையை மட்டும் அளந்தால் போதும்.

லென்ஸின் முன்னோ பின்னோ துணித்திரை சுருளும் மரப்பெட்டி இருந்தால் அது தார்ன்டன் பிக்கார்டு வகை. ரப்பர்க் குழாயும் அமுக்கும் பந்தும் கொண்ட தட்டையான சதுரப் பெட்டி லென்ஸுக்குப் பின்னால் இருந்தால் அது பக்கார்டு வகை. இந்த இரண்டும் லென்ஸிலிருந்து தனியான பொருள்கள். இந்தக் கட்டுரை பேசுவது முன் கண்ணாடித் தொகுதிக்கும் பின் கண்ணாடித் தொகுதிக்கும் நடுவில், மெல்லிய எஃகு இதழ்களோடு உட்கார்ந்திருக்கும் இதழ் ஷட்டரைப் பற்றி.

பெயரைப் படிப்பது

லென்ஸின் பெயர் கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்திலும், ஷட்டரின் பெயர் அதற்கு வெளியே முகத்தட்டிலும் இருக்கும். புதியவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு. டெஸ்ஸார், சிம்மார், டாகோர் என்பவை லென்ஸின் பெயர்கள். கம்பூர், கோபல், ஐலெக்ஸ், ராபாக்ஸ் என்பவை ஷட்டரின் பெயர்கள்.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஃபிரீட்ரிக் டெக்கல் நிறுவனம் செய்தவை காம்பவுண்டும் கம்பூரும். மேல்பகுதியில் படுக்கை வசமாக ஒரு சிறு உருளை இருந்தால் அது காம்பவுண்டு. அந்த உருளைக்குள் காற்றை அழுத்தும் தண்டுதான் மெதுவான வேகங்களைத் தீர்மானிக்கிறது. எனவே அதில் ஒரு சொட்டு எண்ணெய்கூட விடக்கூடாது. 1912-இல் வந்த கம்பூரில் காற்றுக்குப் பதிலாகக் கடிகாரப் பற்சக்கரங்கள் வந்தன. முகத்தின் உச்சியில் சிறு வட்டத்தட்டு ஒன்று தனியாகச் சுழன்றால் அது பழைய தட்டுக் கம்பூர். முகத்தைச் சுற்றியுள்ள வளையமே சுழன்று வேகத்தை மாற்றினால் அது 1920-களின் இறுதியிலிருந்து வந்த வளையக் கம்பூர். இந்த இரண்டாம் வகையில் உச்ச வேகத்துக்குக் கூடுதல் சுருள்வில் ஒன்று வேலை செய்கிறது. ஆகையால் அந்த வேகத்தை, ஷட்டரின் வில்லை நெம்புகோலால் இழுத்து வைப்பதற்கு முன்பே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். இழுத்து வைத்த பிறகு வளையத்தை வலிந்து அந்த எண்ணுக்குத் திருப்பினால் பாகம் உடையக்கூடும்.

ராச்செஸ்டரில் ஐலெக்ஸ் மட்டும் அல்ல, வோலன்சாக் நிறுவனமும் இருந்தது. பீடாக்ஸ், ஆல்ஃபாக்ஸ், ராபாக்ஸ் ஆகியவை அதன் ஷட்டர்கள். கிராஃபெக்ஸ் என்று எழுதியிருந்தால், அது கிராஃப்லெக்ஸ் கேமராக்களுக்காக வோலன்சாக் செய்து கொடுத்த ராபாக்ஸ்தான். முகத்தின் இரு பக்கமும் செங்குத்தாகப் பித்தளைக் குழாய்கள் இருந்தால், பெரும்பாலும் அது பௌஷ் அண்ட் லோம்ப் நிறுவனத்தின் யூனிகம் அல்லது அந்தக் காலத்து அதன் உறவுகளில் ஒன்று. பார்ப்பதற்கு அழகானவை, ஆனால் புதியவர் முதலில் வாங்க வேண்டியவை அல்ல என்பது என் கருத்து.

இன்றைய அளவு வரிசை 0, 1, 3 என்ற மூன்றே எண்களில் நிற்கிறது. கம்பூர் வரிசையில் இருந்த 00-உம் 2-உம் காலப்போக்கில் மறைந்தன. கோபல் இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டது. செய்கோ, புரோன்டோர் புரொஃபெஷனல் என்ற ஷட்டர்களும் இதே வரிசையில் எண்ணிடப்பட்டவை. எங்கள் பட்டறைக்காரர் கோபல் என்ற பெயரை இன்றும் கோபால் என்றே சொல்கிறார். 'கோபால் ஒண்ணா, மூணா?' என்று அவர் கேட்பது தெருவில் யாரையோ விசாரிப்பது போல இருக்கும்.

வேக எண்களும் ஒளித்துளை எண்களும் சொல்வது

ஷட்டர் பெரிதாக ஆக இதழ்களும் கனமாகும்; கனமான இதழ்கள் வேகமாகத் திறந்து மூட முடியாது. இதனால் உச்ச வேகத்தைப் பார்த்தே அளவை ஓரளவு ஊகிக்கலாம். கோபல் 0-இன் உச்ச வேகம் ஒரு விநாடியில் 500-இல் ஒரு பங்கு, கோபல் 1-க்கு 400-இல் ஒரு பங்கு, கோபல் 3-க்கு 125-இல் ஒரு பங்கு. பெயர் தேய்ந்துபோன கோபலைக்கூட இந்த ஒரு எண்ணால் அடையாளம் காணலாம். வேக வரிசையே காலத்தையும் சொல்லும்: 1, 2, 5, 10, 25, 50, 100 என்று போனால் பழைய வரிசை, 1, 2, 4, 8, 15, 30, 60, 125 என்று போனால் புதிய வரிசை. ஃபிளாஷ் கம்பி செருகும் துளையும் அதனருகே எக்ஸ், எம் என்ற எழுத்துகளும் இருந்தால், ஷட்டர் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையது, அல்லது பின்னாளில் யாரோ அதில் அந்த வசதியைச் சேர்த்திருக்கிறார்கள்.

ஒளி நுழையும் துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை எஃப் எண்களால் காட்டும் ஒளித்துளை அளவுகோலை நான் இன்னும் கவனமாகப் படிப்பேன். ஏனென்றால் ஷட்டர் மாற்றப்பட்டிருக்கிறதா என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். லென்ஸ் வளையத்தில் எஃப் 6.3 என்றும், ஷட்டரின் அளவுகோல் 4.5-இல் தொடங்குவதாகவும் இருந்தால், அந்த ஷட்டர் அந்த லென்ஸோடு பிறந்தது அல்ல. அளவுகோல் ஒவ்வொரு லென்ஸுக்கும் தனியாகப் பொறிக்கப்படுவது. வேறு லென்ஸைப் பொருத்தினால் எண்கள் எல்லாம் பொய்யாகிவிடும். இரண்டு அளவுகோல்கள் இருப்பதை மட்டும் குற்றமாக எண்ண வேண்டாம். பழைய சிம்மார் லென்ஸ்களில் முன் தொகுதியைக் கழற்றிவிட்டுப் பின் தொகுதியை மட்டும் வைத்து நீண்ட குவிய தூரத்தோடு படமெடுக்க முடியும். இரண்டாவது அளவுகோல் அதற்கானது. 4.5, 6.3, 9, 12.5, 18, 25, 36 என்ற வரிசை ஐரோப்பாவின் பழைய முறை. 4, 8, 16, 32, 64 என்று இருமடங்காகவே போகும் வரிசை 1881-இல் பிரிட்டனில் வகுக்கப்பட்ட பழைய சீர்முறை. அதில் 16 மட்டுமே இன்றைய எஃப் 16-ஓடு ஒத்துப்போகும், 8 என்பது இன்றைய எஃப் 11, 4 என்பது இன்றைய எஃப் 8.

லென்ஸைக் கையில் எடுக்காமலே ஊகிப்பது

படத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டிய நேரத்தில் ஒரு சிறு கணக்கு உதவும். குவிய தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால், முன்னாலிருந்து பார்க்கும்போது ஒளித்துளை எவ்வளவு அகலமாகத் தெரியும் என்பது கிடைக்கும். 150 மி.மீ. எஃப் 5.6 என்றால் சுமார் 27 மி.மீ.; 210 மி.மீ. எஃப் 5.6 என்றால் 37.5 மி.மீ.; 300 மி.மீ. எஃப் 5.6 என்றால் சுமார் 54 மி.மீ. இந்த மூன்றும் முறையே கோபல் 0, 1, 3-இல் வருகின்றன. ஆனால் அந்த ஷட்டர்கள் உண்மையில் திறக்கும் அகலம் 24, 30, 45 மி.மீ. மட்டுமே. முன் கண்ணாடித் தொகுதி துளையைப் பெரிதாக்கிக் காட்டுவதால்தான் இந்த வித்தியாசம். கணக்கில் வரும் எண்ணை அப்படியே ஷட்டரின் அகலம் என்று எடுத்துக்கொண்டால் ஒரு அளவு பெரிதாக நினைத்துவிடுவோம். குவிய தூரம் மட்டும் பார்த்து முடிவு செய்வதும் தவறு: 300 மி.மீ. எஃப் 9 நிக்கோர் எம் லென்ஸ் கோபல் 1-இலேயே அடங்கிவிடும். ஐலெக்ஸின் ஐந்தாம் எண் இந்த எல்லைகளுக்கு எல்லாம் வெளியே நிற்கிறது. அதன் திறப்பே 60 மி.மீ.-ஐத் தாண்டும், பலகையில் துளை அதைவிடப் பெரியது.

காலிப்பரால் அளப்பது

இதுதான் முக்கியமான வேலை; அவசரப்படக்கூடாது. ஒரு வெர்னியர் அல்லது டிஜிட்டல் காலிப்பர், இரு முனை லென்ஸ் ஸ்பானர், ஒரு வெள்ளைத் துண்டு, சிறு கிண்ணம் ஆகியவை போதும். துண்டை மேசையில் விரிப்பது அழகுக்காக அல்ல. உருண்டு விழும் வளையம் தரையில் விழாமல் இருக்க.

முதலில் பின் கண்ணாடித் தொகுதியைக் கையால் இடப்புறமாகச் சுழற்றிக் கழற்றுங்கள். பல லென்ஸ்களில் அது பலகைத் துளையைவிடப் பெரிதாக இருக்கும். அப்போது அதைக் கழற்றாமல் ஷட்டரைப் பலகையிலிருந்து எடுக்க முடியாது. பிறகு முன் தொகுதியைக் கழற்றுங்கள். இந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாருங்கள்: முன் தொகுதிக்கும் ஷட்டருக்கும் நடுவில் காகிதம் போன்ற மெல்லிய பித்தளை வளையம் ஒன்றோ இரண்டோ ஒட்டிக்கொண்டிருக்கலாம். இரு கண்ணாடித் தொகுதிகளுக்கும் இடையே உள்ள தூரத்தைத் தொழிற்சாலையில் நுணுக்கமாகச் சரிசெய்ய வைத்தவை அவை. ஏதோ அழுக்கு வளையம் என்று தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். எத்தனை இருந்தன, எந்தப் பக்கம் இருந்தன என்று எழுதிவைத்துக் கிண்ணத்தில் போடுங்கள்.

ஷட்டரின் பின்னே பலகையை இறுக்கும் வளையத்தை ஸ்பானரால் கழற்றிய பிறகு, வெளிப்புற மரையின் விட்டத்தை மூன்று இடங்களில் அளக்க வேண்டும். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் மரை அடிபட்டிருக்கிறது. பலகையில் போட வேண்டிய துளை இந்த விட்டத்தைவிட ஒரு மி.மீ.-இல் பத்தில் இரண்டு மூன்று பங்கு மட்டும் பெரிதாக இருந்தால் போதும். கோபல் 0-க்கு 34.6 முதல் 34.8 மி.மீ., கோபல் 1-க்கு 41.6 முதல் 41.8 மி.மீ., கோபல் 3-க்கு 65 மி.மீ. துளைகள் வழக்கம். பழைய தட்டுக் கம்பூர்களுக்கும் அமெரிக்க ஷட்டர்களுக்கும் இந்தப் பட்டியலை நம்ப வேண்டாம். காலிப்பர் காட்டுவதையே எழுதுங்கள்.

ஷட்டரின் பின்முகத்தில் ஒரு சிறு திருகுத் தலை புடைத்துக்கொண்டு நிற்கலாம். பலகையில் ஷட்டர் சுழலாமல் இருக்க வைத்த முளை அது. பலகையில் அதற்கு ஒரு சிறு பள்ளம் வெட்ட வேண்டும், அல்லது அந்தத் திருகைக் கழற்றிப் பத்திரமாக வைக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் இறுக்கினால் ஷட்டர் சாய்வாக உட்காரும். படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும். நீங்கள் லென்ஸைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

கண்ணாடித் தொகுதிகளை வேறு ஷட்டருக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் மட்டும் உட்புற மரைகளையும் அளக்க வேண்டும். கோபல் 0-இல் முன்னும் பின்னும் 29.5 மி.மீ., மரை இடைவெளி அரை மி.மீ.; கோபல் 1-இல் முன் 40, பின் 36 மி.மீ., இடைவெளி 0.75, கோபல் 3-இல் முன்னும் பின்னும் 58 மி.மீ., இடைவெளி 0.75. உட்புற மரையைக் காலிப்பரின் மேல் முனைகளால் அளந்தால் மரையின் முகடுகள்தான் தட்டுப்படும். ஆகவே உண்மை அளவைவிட ஏறத்தாழ ஒரு மரை இடைவெளி குறைவாகக் காட்டும். 29.5 மி.மீ. மரை சுமார் 29 என்று காட்டினால் பதற வேண்டாம். அமெரிக்க ஷட்டர்களில் மரைகள் அங்குலக் கணக்கில் இருக்கும். அங்குலத்துக்கு 50 மரை என்றால் இடைவெளி 0.508 மி.மீ., அதாவது மெட்ரிக் அரை மி.மீ.-ஓடு பார்வைக்கு வேறுபாடே தெரியாது. நான்கைந்து சுற்று இனிதாகப் போய்த் திடீரென இறுகினால் அங்கேயே நிறுத்துங்கள். பித்தளை மென்மையானது, வலிந்து திருப்பியவர் ஒரே நேரத்தில் இரண்டு பொருளை இழப்பார்.

மரை பொருந்தினாலும் தூரம் பொருந்த வேண்டும். கோபல் 0-உம் 1-உம் முன் இருக்கையிலிருந்து பின் இருக்கை வரை 20 மி.மீ. தடிப்பம் கொண்டவை. பழைய ஷட்டரின் தடிப்பம் இதற்கு மாறாக இருந்தால், கண்ணாடிகளுக்கு இடையே உள்ள தூரம் மாறி ஓரங்களில் தெளிவு போய்விடும். எனவே தடிப்பத்தையும் ஒருமுறை அளந்து எழுதுங்கள்.

லேத் பட்டறைக்கு எடுத்துப் போவது

வடசென்னையில் வியாசர்பாடி தொடங்கித் தண்டையார்பேட்டை வரை லேத் ஓடாத தெரு குறைவு. மோட்டார் பாகம் கடைந்து பழகியவர்களுக்கு ஒரு வட்டத் துளை சிரமமே இல்லை. சிரமம் நாம் கொடுக்கும் அளவில்தான். தாளில் எண்ணை மட்டும் எழுதிக் கொடுக்காமல், தடித்த அட்டையில் அந்த அளவுக்கு வட்டம் வெட்டி, ஷட்டரை அதில் போட்டு, வளையத்தையும் இறுக்கிப் பார்த்துவிட்டு, அந்த அட்டையையும் ஷட்டரையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். கண்ணாடித் தொகுதிகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பட்டறைக் காற்றில் இரும்புத் தூள் மிதக்கும். ஷட்டரையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அளவு பார்க்க மட்டும் வெளியே எடுங்கள்.

துளை பலகையின் நடுவில்தான் வர வேண்டும் என்று எண்ண வேண்டாம். 96-க்கு 99 மி.மீ. அளவுள்ள லின்ஹாஃப் டெக்னிக்கா கேமராவின் பலகையில் துளையின் மையம் பலகையின் மையம் அல்ல. உங்கள் கேமராவின் பழைய பலகை ஒன்று இருந்தால் அதன் மையத்தையே குறித்துக்கொள்வது நல்லது. வாகீஸ்வரி போன்ற மரக் கேமராக்களின் பலகை தடிமனானது. ஷட்டரின் பின்மரை அந்தத் தடிப்பைத் தாண்டி வெளியே எட்டாமல் போனால், துளையைச் சுற்றிப் பின்புறத்தில் படி போல் செதுக்க வேண்டும். அமெரிக்க ஷட்டர்கள் சிலவற்றில் பின்வளையத்துக்குப் பதிலாகத் திருகுத் துளைகள் கொண்ட பித்தளைத் தட்டு வரும். அதை மரப்பலகையின் முன்முகத்தில் திருகாணிகளால் பொருத்திவிட்டு ஷட்டரை முன்னாலிருந்து திருகி இறக்க வேண்டும்.

பெரிதாகப் போய்விட்ட துளைக்கும் மருந்து இருக்கிறது. என்னுடைய 65 மி.மீ. துளைக்கு அதே பட்டறைக்காரர் பழைய பித்தளைத் துண்டு ஒன்றிலிருந்து ஒரு வளையம் கடைந்து கொடுத்தார்: வெளிவிட்டம் பழைய துளையில் அமரும்படி, உள்விட்டம் ஐலெக்ஸின் மரைக்கு ஏற்றபடி, முன்பக்கம் ஒரு மெல்லிய விளிம்போடு. பளபளப்பு உள்ளே ஒளியைத் தெறிக்காமல் இருக்க அதற்கு மங்கிய கறுப்பு வண்ணம் பூசினேன். பலகை துளைத்த கூலியைவிட வளையத்தின் கூலி அதிகம்.

பொருத்திய பின்

எல்லாம் பொருந்திய பிறகு பின்வளையத்தை இறுக்கி, வேகங்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். ஒரு விநாடி வேகத்தில் பற்சக்கர ஒலி தடுமாறாமல் ஒரே சீராக வர வேண்டும். இடையில் நின்று நின்று ஓடினால் பழைய எண்ணெய் பிசினாகிவிட்டது என்று பொருள். இதழ்களின் மேல் எண்ணெய் படிந்திருந்தால் டார்ச் ஒளியில் வானவில் நிறம் தெரியும். காசிமேட்டுப் பக்கம் குடியிருக்கும் என் போன்றவர்களுக்கு இன்னொரு தொல்லை கடற்காற்று: எஃகு இதழ்களின் ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள் ஒரு மழைக்காலத்திலேயே வந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, ஜெல்லின் நிறம் மாறியதும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மீண்டும் பயன்படுத்துகிறேன். டப்பாவின் மூடியில் ஷட்டரின் பெயர், எண், பின்மரை விட்டம், தடிப்பம், பித்தளை வளையங்களின் எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் ஒட்டிவைத்திருப்பதால், அடுத்த பலகைக்குப் பட்டறைக்குப் போகும்போது லென்ஸைக் கழற்ற வேண்டிய வேலை இருப்பதில்லை.